மூன்று பல் அகலம்

உட்காருவதற்கு முன் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். வகுப்பறையானாலும் சரி, பல் டாக்டரிடம் காத்திருக்கும் அறையானாலும் சரி, உள்ளங்கையை முழுசாகச் சுவரில் பதித்து, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பவள் மாதிரி ஒரு நொடி நிற்பாள். பிறகு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பாள். உள்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவென்றால் முகம் சுண்டிப்போகும். கடைசியில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்காருவாள். நாற்காலியின் பாதியில்தான். மீதிப் பாதி எப்போதும் காலியாகவே இருக்கும்.

டிசைன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வயது இருபத்தொன்று. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இப்படிப் பயம் வந்தால் டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். இவளுக்குக் கூடப் படிக்கிறவர்களே வைத்துவிட்டார்கள்: கதவோரம். வாத்தியார்களுக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "எப்படி வேணா கூப்பிட்டுக்கட்டும். என் எடத்துல வந்து உக்காராம இருந்தாச் சரி" என்பாள்.

லிஃப்டில் ஏற மாட்டாள். விடுதியில் அவள் அறை ஆறாவது மாடியில். தினமும் படியேறுகிறாள். கால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை, படி எத்தனை என்று மட்டும் சொல்வாள்: நூற்று முப்பத்திரண்டு. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கையில் அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே, அணைத்தோமா என்று கேட்பாள். அறைத்தோழி ஒருத்தி உண்டு, நல்ல உயரம், அதனால் நெட்டை. நெட்டை ஒரு நாள் சொன்னாள்: "தூங்கறப்பவும் மீன் மாதிரி கண்ணைத் தொறந்து வெச்சிருக்கடி. உன்னைப் பாத்து எனக்குத்தான் தூக்கம் போகுது."

மற்ற மாணவிகளின் நோட்டைப் புரட்டினால் நாற்காலி, விளக்கு, வாசனைத் தைலப் புட்டி என்று அழகழகாய் வெட்டி ஒட்டியிருக்கும். இவள் நோட்டில் மின்கம்பத்து மண்டையோடு. மருந்துப் புட்டி மூடியில் போட்டிருக்கும் அம்புக்குறி. பஸ் கண்ணாடியை உடைக்க வைத்திருக்கும் சுத்தியல். எல்லாவற்றுக்கும் மேல், தியேட்டரிலும் ஆஸ்பத்திரியிலும் அவசர வழிக்கு மேலே பச்சையாய் ஓடுவானே ஓர் ஆள், அவன். பத்துப் பக்கம் அவன்தான்.

"இவனை வரைஞ்சவர்தான் எனக்கு குரு" என்பாள். "புகை வந்து கண்ணைக் கட்டும்போது எவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான்? இவன் ஓடுன்னும் சொல்றான், எந்தப் பக்கம்னும் சொல்றான். இதுக்கு மேல டிசைன்ல என்ன இருக்கு?"

படிப்புக்குக் குரு யார் என்றால் நாலாம் வகுப்பு டீச்சரைச் சொல்வாள். அந்த டீச்சர் தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வாளாம். எது என்று சொல்ல மாட்டாள். கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பலகையைத் துடைக்கும் பாக்கியம். இவள்தான் அநேகமாகத் துடைப்பாள். எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, நாம்தான் இன்னும் பார்க்கவில்லை என்று நம்புகிற பிள்ளைக்கு அந்த வகுப்பு தோதாக இருந்தது. வெளியே வந்த பிறகும் அந்த நம்பிக்கை விடவில்லை, அதுதான் பாடு.

புகைப்படத்துக்குக் குரு யார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அதற்குக் காரணம் அவள் அம்மா.

அம்மா நகராட்சியின் கட்டடப் பிரிவில் கள உதவியாளர். பெயர்தான் பெரிசு. இடிந்துவிடும் என்று புகார் வந்த பழைய வீடுகளுக்குள் போய், விரிசல்களைப் படம் பிடித்து வர வேண்டும். கூட வருகிற பொறியாளர் வாசலில் நின்று கையெழுத்துப் போடுவார். அப்பா? அப்பா உண்டு. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

விரிசல் எவ்வளவு அகலம் என்று படத்தைப் பார்த்தே தெரிய வேண்டும். அதற்காக அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுப்பார்கள். அலுவலகத்தில் இரும்பு அளவுகோல் பொறியாளருக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். அம்மா தன் பையிலிருந்த பச்சைச் சீப்பை எடுத்து வைத்தாள். பதினாலு வருஷமாக அதே சீப்புதான். ஓரத்தில் மூன்று பல் கிடையாது. சாப்பாட்டு டப்பாவின் மூடியை அதை வைத்து நெம்பியபோது போனவை. அலுவலகத்துக்கும் பழகிவிட்டது. "தெற்குச் சுவர், இரண்டு பல் அகலம்" என்று கோப்பிலேயே எழுதுகிறார்கள்.

"உள்ள சிலந்தி குடியிருந்தா அது பழைய விரிசல், அது பாட்டுக்கு இருக்கும்" என்பாள் அம்மா. "உள்ள வெள்ளையா இருந்து, கீழ மாவு மாதிரி கொட்டியிருந்தா புதுசு. ஒரு பல்லு அகலம்னா எழுதி வை. மூணு பல்லு தாண்டுச்சுன்னா எழுதிட்டு நிக்காத, ஆளுங்களை எறக்கு."

பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அம்மா கூடவே கூட்டிப்போவாள். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் பிள்ளையை நிறுத்தி, "இங்கயே நில்லு. நான் கூப்பிட்டா வா. உள்ள ஏதாவது சத்தம் கேட்டா என்னைப் பாக்காத, ரோட்டைப் பாத்து ஓடு" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு உள்ளே போவாள். ஏழு வயசுப் பிள்ளை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அம்மா செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் அம்மா படம் எடுக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அப்படிப் பத்து வருஷம் நின்றவளைப் பார்த்து ஏன் கதவோரமே உட்காருகிறாய் என்று கேட்பது கேட்பவர்களின் தெரியாத்தனம்.

சாயங்காலம் வீட்டில் அம்மாவின் போனை வாங்கி அன்றைக்கு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அம்மா டார்ச்சை நேராக அடிக்க மாட்டாள், பக்கவாட்டில் பிடிப்பாள். அப்போதுதான் விரிசலின் ஆழம் தெரியும். சுவர் பாலைவனம் மாதிரி, விரிசல் ஆறு மாதிரி, கரையில் ஒரு பச்சைச் சீப்பு. இவளுக்குப் பார்க்கத் தெரிந்தது அந்தப் போனில்தான்.

போன ஆண்டுக் கடைசியில் புகைப்பட வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஃப்ரேம். இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி சேர்த்து, அதற்குள்ளேதான் உலகத்தையே பார்ப்பார். தேநீர்க் கோப்பையைக்கூட அப்படிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். புகைப்படம், டிசைன், கல்வி மூன்றிலும் உங்களை உருவாக்கியவர் யார் என்று அட்டையில் ஒட்டி வந்து பேச வேண்டும். ஆளாளுக்கு ரயில் நீளத்துக்கு வெளிநாட்டுப் பெயர்களோடு வந்தார்கள். இவளுக்கு முந்தின ஒருத்தி மட்டும் தன் மாமா கல்யாண வீடுகளில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தாள்.

"சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வராதீங்கம்மா" என்றார் ஃப்ரேம். "இது கல்யாண மண்டபம் இல்ல."

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அடுத்தது இவள். அட்டையில் அம்மாவின் ஆறு படங்கள்.

ஃப்ரேம் விரல் சட்டத்தைத் தூக்கினார், இறக்கினார், கிட்டே வந்தார். "அடடா. யாரு இது?"

அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், முந்தினவள் திருப்பிப் பிடித்திருந்த அட்டை கண்ணில் பட்டது. தலைக்கு மேல் படம் காட்டும் கருவியில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. தோள் பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டி எட்டிப் பார்த்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வெளிநாட்டுக்காரர் பெயராகச் சொல்லிவிட்டாள்.

ஃப்ரேம் கண்ணைச் சுருக்கினார். "கேள்விப்பட்ட பேராத்தான் இருக்கு."

இருக்காதா பின்னே. இருமல் வந்தவர்கள் எல்லாரும் கேள்விப்பட்ட பெயர்தான்.

"இப்ப எங்க இருக்கார்? மெயில் போட்டா நம்ம பிள்ளைங்க கூடப் பேசுவாரா?"

"இல்ல சார். அவர் போயிட்டார்."

"எப்படி?"

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்ததை நாமாகத் தேட வேண்டியதில்லை, அதுவே முன்னால் வந்து நிற்கும். "படம் எடுக்கப் போன வீட்டுல சுவரு விழுந்து, சார்."

ஃப்ரேம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

விடுதிப் படியில் ஏறும்போது, பாதியில், அவளுக்கு உறைத்தது. அந்தப் படங்களை எடுத்த ஆள் சுவர் விழுந்து செத்துவிட்டார் என்று தன் வாயாலே சொல்லியாயிற்று. அந்தப் படங்களை எடுத்த ஆள் இந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டுக்குள் இருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்து போன் செய்தாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"வேலையில."

"உள்ளயா வெளியவா?"

"உள்ளதான். விரிசல் என்ன ரோட்டுலயா நிக்கும்?"

"வெளிய வந்துட்டுப் பேசு."

"ஏண்டி, உனக்கு என்ன ஆச்சு? சாப்டியா இல்லையா?"

அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவாள். எடுக்கத் தாமதமானால் மறுபடி மறுபடி அடிப்பாள், எடுத்தால் பேச ஒன்றும் இருக்காது. "புதுசாக் கட்டிக்கிட்டவகூடப் புருஷனை இத்தனை தடவை கூப்பிட மாட்டா" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஃப்ரேமின் அறை வரைக்கும் போனாள். மூன்று தடவையும் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். இல்லாத ஆதாரத்தை உள்ளதாகக் காட்டினால் ஓராண்டு வெளியே என்று கல்லூரி விதி. போன வருஷம் ஒருவனை அனுப்பினார்கள், அவன் திரும்பி வரவே இல்லை. அதற்குள் முதலாண்டுப் பிள்ளைகள் அந்தச் செத்துப்போன மனுஷனின் பாணியில் சீப்பு, கரண்டி, பல்துலக்கி எல்லாவற்றையும் சுவரில் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நெட்டைதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா விடுதிக்கு வந்து, மகளின் சிக்குப் பிடித்த தலையைப் பார்த்துப் பொறுக்காமல் பையிலிருந்து சீப்பை எடுத்து வாரிவிட்டாள். அம்மா போனதும் நெட்டை கதவைச் சாத்தினாள்.

"செத்துப்போன ஃபாரின்காரரோட சீப்பு உங்கம்மா பையில எப்படிடி வந்துச்சு?"

இவள் வெளிறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"நான் ஏன் சொல்றேன்? உன் மூஞ்சியே சொல்லிடும்" என்றாள் நெட்டை. பிறகு கொஞ்சம் இறங்கி, "பேசாம போய்ச் சொல்லுடி. ஒரு வருஷம்தானே. இப்படியே போனா நீயே செத்துருவ" என்றாள்.

"ஒரு வருஷம் வீட்டுல இருந்தா, தெனம் அவ உள்ள போறதைப் பாக்கணும்" என்றாள் இவள்.

இந்த ஆண்டு கண்காட்சிக்கு ஃப்ரேம் அந்த ஆறு படங்களையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, இரும்புச் சட்டம் போட்டு, கூடத்தின் நடுச்சுவரில் மாட்டினார். கீழே இருமல் மருந்துப் பெயர், மறைந்த ஆண்டு, ஒரு பத்தி விளக்கம். சீப்பில் பல் இல்லாத இடம் மனிதன் இழந்துவிட்ட காலத்தைக் குறிக்கிறதாம். பெற்றோர் எல்லாருக்கும் கடிதம் போனது. இவள் வீட்டுக்குப் போன் செய்து, "கண்காட்சி இல்லம்மா, தள்ளி வெச்சுட்டாங்க" என்றாள்.

அம்மா வந்துவிட்டாள். அரைநாள் விடுப்பு எடுத்து, தலையில் சுண்ணாம்புத் தூசியோடு, தோளில் பையோடு. "தள்ளி வெச்சா வாசல்ல ஏன் இத்தனை வண்டி?" என்று கேட்டுக்கொண்டே, கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கதவோரம் நின்றிருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அம்மா நடுச்சுவருக்குப் போனாள். படங்களைப் பார்த்தாள். முதல் படம், இரண்டாவது படம். மூன்றாவதில் நின்று, "இது ஊமைப் பெரியவர் வீடில்ல?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெயரைப் படித்தாள். திரும்பி, பின்னால் நாலு அடி தள்ளி வந்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"இந்தாளு யாரு?"

"செத்துட்டாரும்மா."

"எப்படி?"

"சுவரு விழுந்து."

அம்மா மகளின் முகத்தையும், பத்துத் தடவை வந்த போன்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள் போலிருக்கிறது. "வேலை தெரியாதவனா இருப்பான்" என்றாள்.

மகள் அழுதுவிடுவாள் போல இருந்தது. ஆனால் அம்மா இப்போது அவளைப் பார்க்கவில்லை. பெரிய படத்துக்குள் ஓடிய விரிசல் சட்டத்தோடு முடியாமல், சட்டத்துக்கு வெளியே, நிஜச் சுவரில், மேல் மூலை வரைக்கும் போயிருந்தது. யாரோ அதன் மேல் ஒரு சின்ன விளக்கையும் திருப்பி வைத்திருந்தார்கள். நாலு பேர் அதைக் காட்டிக் காட்டி வியந்துகொண்டிருந்தார்கள்.

ஃப்ரேம் விரல் சட்டத்தோடு வந்தார். "நல்லா இருக்கில்லம்மா? நேத்து மாட்டும்போது முடி மாதிரி இருந்துச்சு. காலைல பாத்தா படத்தோட தொடர்ச்சி மாதிரியே அமைஞ்சிருக்கு. பூச வேணாம், விளக்கு போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அம்மா கீழே பார்த்தாள். சுவரடியில் வெள்ளையாய், மாவு. விளக்கு வைத்தவர்கள் அதையும் பெருக்காமல் அழகுக்கு விட்டிருந்தார்கள்.

"சார், இங்க இருக்கிறவங்களை வெளிய அனுப்புங்க."

"பயப்படாதீங்கம்மா, அது டிசைன்."

"டிசைன் இல்லைங்க. இந்தச் சுவரு எடை தாங்கல. அனுப்பிடுங்க."

ஃப்ரேம் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. தனக்குத் தெரிந்ததைத் தவிர வேறு உண்டு என்று அதுவரைக்கும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். "நீங்க எஞ்சினியரா?"

அம்மாவின் கை பைக்குள் போயிருந்தது. சீப்பைப் பிடித்துவிட்ட கை. மேலே அதே சீப்பு, ஆள் உயரத்துக்கு, பச்சையாய், மூன்று பல் இல்லாமல். அம்மா மகளைப் பார்த்தாள். கை வெறுமையாய் வெளியே வந்தது.

"இல்லைங்க. நான் சும்மா வீட்டுல இருக்கிறவ. பயமா இருந்துச்சு, சொன்னேன்."

"அதான் பாத்தேன்" என்று ஃப்ரேம் அடுத்த பெற்றோரிடம் திரும்பினார்.

பொறியாளர்கள் நுழையாத வீடுகளுக்குள் பதினாலு வருஷமாக நுழைந்தவள், பயமா இருந்துச்சு என்று சொன்னதை மகள் கேட்டாள். மேலே, சுவருக்குள், காய்ந்த குச்சியை மெதுவாக ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இவள் காது அதற்காகவே வளர்ந்த காது. சத்தம் கேட்டால் ரோட்டைப் பார்த்து ஓடு என்று சொல்லித்தான் அம்மா வளர்த்தாள். கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. கதவு ஆறு அடியில், அகலத் திறந்து, வெளிப்பக்கம் திறக்கும் கதவு.

அவள் கதவுக்கு முதுகைக் காட்டினாள். அம்மாவின் பைக்குள் கைவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

"எங்கடி போற? தள்ளி நில்லு" என்று அம்மா தோளைப் பிடித்தாள்.

"நீ போனை எடுத்துப் படம் எடும்மா."

விளக்கு வெளிச்சத்துக்குள் போய், எல்லாரும் பார்க்க, பெரிய படத்துச் சீப்புக்கு நேர் கீழே, விரிசலின் மேல் சீப்பை வைத்தாள். வாத்தியார் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அவர் விரல் சட்டம் படத்துக்கும் அவள் கைக்குமாகப் போய் வந்து, மெல்லப் பிரிந்து கீழே இறங்கியது. ஓரத்தில் நின்ற நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு பல்லு தாண்டுதும்மா" என்றாள்.

பக்கவாட்டில் அம்மாவின் டார்ச் எரிந்தது. சீப்பு சாய்ந்துவிடாதபடி ஒரு கையால் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை முழுசாக நீட்டி, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் கதவைக் காட்டினாள்.